ஆன் பண்ணாதீர்கள்

முதலில் அதைத்தான் சொன்னேன்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு.
வேனின் பின்னிருக்கையில் இரவெல்லாம் கிடந்த மடிக்கணினியைக்
கம்பளிச் சால்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்
பக்மதுலம்.
கடைக்குள் வந்ததுமே அதன் மூடி வியர்த்தது.
உள்ளேயும் வியர்த்திருக்கும்,
இரண்டு மணி நேரம் தொடவே கூடாது என்றேன்.

முரெனில் காத்திருப்பது பெரிய காரியமில்லை.
அடுப்பில் கரி, கெண்டியில் உப்புப் பால்தேநீர்.
நின்றபடியே குடித்தாள்.

"என்ன ஆச்சு?"
"போச்சு."
"அதுக்கு முன்னால?"
"இருந்துச்சு."

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்.

பேட்டரியைக் கழற்றினேன்.
பவர் பொத்தானை அழுத்திக்கொண்டு முப்பது எண்ணினேன்.
ராம் தகட்டின் பொன்முனைகளை
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன்.
விசிறி சுழன்றது. திரை விழித்தது.
கறுப்பில் வெள்ளையாய் ஒரே வரி:
துவக்கச் சாதனம் எதுவும் இல்லை.

டிஸ்க்கை உருவிக் காதருகே வைத்தேன்.
டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தால்
அங்கேயே கைவிரித்திருப்பேன்.
அடிக்கவில்லை.
தயங்கித் தயங்கிச் சுற்றியது,
முடவாட் காலையில் எழுந்து நடப்பதுபோல.

"உள்ளே என்ன?"
"பனிக்கட்டி."

ஹோவ்ஸ்கோல் ஏரி, பதினோரு குளிர்காலம்.
எட்டு இடத்தில் துளையிட்டு
வாரம் ஒருமுறை கனம் அளந்தவள்.
வண்டிகள் ஏரிமேல் போகலாமா கூடாதா என்பது
அவள் எழுதும் சென்டிமீட்டரில் இருந்தது.

"நகல்?"
அடுப்பைப் பார்த்தாள்.

அடிபட்ட டிஸ்க்கை நேராகக் கிளறக் கூடாது.
முதலில் பிரதி. கிளறுவதெல்லாம் பிரதியில்.
இரவு முழுக்க ஓடியது.
எழுபத்தொன்றில் நின்றது.
படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போ,
கடைசியில் திரும்பி வந்து கேள் என்று
கட்டளை கொடுத்தேன்.
அவள் விடுதிக்குப் போகவில்லை. உட்காரவும் இல்லை.

விடியும்போது நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு கோப்புகள்.
ஒன்றுக்கும் பெயர் இல்லை, தேதி இல்லை.
அட்டவணை செத்துவிட்டால் இப்படித்தான்:
பிழைத்து வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள்,
யார் யாரென்று சொல்ல
யாராவது வரவேண்டும்.

அவள் எண்களை வாசித்தே சொன்னாள்.
இது மழைபோல் பனி கொட்டிய வருஷம்.
இது துளைக்கருவி உடைந்த வருஷம்.
இது மகள் பிறந்தது, பிப்ரவரியே இல்லை பாருங்கள்.

பிறகு ஒரே மாதிரி இரண்டு பட்டியல்.
அதே எட்டு இடம், அதே டிசம்பர்.
ஒன்றில் 31, 38, 52, 52, 52.
மற்றதில் 31, 38, 52, 60, 67.

எது சரி என்று டிஸ்க்குக்குத் தெரியாது.
அழித்தது, வைத்தது என்ற பேதம் பார்க்காமல்
எல்லாவற்றையும் கரையேற்றிவிடும்.

அந்த டிசம்பரை முரெனில் எல்லோருக்கும் தெரியும்.
தண்ணீருக்குள் போன ஜீப்பின் ரேடியோவை
அதற்கு முந்தின வாரம்
நான்தான் பழுதுபார்த்துக் கொடுத்திருந்தேன்.

அவள் விரல் ஐம்பத்திரண்டில் வந்து நின்றது.
"இதைத்தான் அழிச்சேன்."

கரி சரிந்தது அடுப்பில்.
கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எனக்கு இருந்தது.
வாயில் வந்ததோ தொழில்:
"ரெண்டையும் எடுக்கட்டுமா?"

அப்போதுதான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.
கீபோர்டைத் தன் பக்கம் திருப்பினாள்.
பெயரில்லாத அந்த முதல் பட்டியலுக்கு
வருஷத்தைத் தட்டினாள், ஒரு கோடு,
அதன்பின் தன் பெயர்,
தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுசாக.

ரசீதில் 'தரவு மீட்பு' என்று எழுதினேன்.
பென் டிரைவை உள்பைக்குள், உடம்போடு ஒட்டி வைத்தாள்.
பழைய மடிக்கணினியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
இந்த முறை
சால்வை சுற்றவில்லை.