ரோஜர் என்றால் ஆம் அல்ல

இந்தக் கோபுரத்தில் மூன்றுக்குப் பெயர் ட்ரீ.
சாங்கி வானம் முழுக்க மரங்கள்.
ஐந்து ஃபைஃப், ஒன்பது நைனர்.
இரைச்சலில் ஓர் எண் இன்னோர் எண்ணாகி
யாரும் யாரோடும் மோதிவிடக் கூடாதென்று
வாயைக் கோணிக்கொள்ளச் சம்பளம் தருகிறார்கள்.

டேக்-ஆஃப் என்ற சொல்லைப் பூட்டி வைத்திருக்கிறோம்.
ஓடுபாதை காலியாகி, காற்றின் திசை சொல்லி,
இனித் தடையில்லை என்கிற நொடியில்தான் எடுப்போம்.
அதுவரை டிபார்ச்சர், டிபார்ச்சர் என்று
சுற்றி வளைப்போம்,
கணவன் பெயர் சொல்லாத அந்தக் காலத்துப் பெண்கள் மாதிரி.

நான் சொன்னதை அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.
பிசகினால் நெகட்டிவ் என்று தொடங்கித் திருத்துவேன்.
குரலில் கோபம் இருக்காது.
வீட்டிலும் இப்படித் திருத்திப் பார்த்தேன்.
எடுபடவில்லை.

ரோஜர் என்றால் ஆம் அல்ல.
கேட்டேன், முழுதும் கேட்டேன், அவ்வளவுதான்.
சம்மதத்துக்கு அஃபர்ம்.
அப்படியே செய்கிறேன் என்பதற்கு வில்கோ.
போன ஞாயிறு மருதவாணன்
"இந்த ராத்திரி வேலைய விட்டுடேன்" என்றபோது
துணி மடித்துக்கொண்டே ரோஜர் என்றேன்.
பதினாறு வருஷம் கூட இருப்பவன்.
பொருள் தெரியும்.
பாதித் துணி மடிக்காமல் கிடக்க
விளக்கை அணைத்துவிட்டுப் போனான்.

நேற்று அதிகாலை நான்கு நாற்பது.
சுமத்ராவிலிருந்து வந்த காற்றுமழை கொட்டி ஓய்ந்திருந்தது.
ஹார்ன்பில் ஃபோர் ட்ரீ நைனர்
எழும்பிய சற்று நேரத்தில்
பேன்-பேன், பேன்-பேன், பேன்-பேன்.
பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டுத்
தலையைச் சொறிந்து காட்டிச் சிரிப்பு மூட்டியவள் நான்.
வலது எஞ்சினில் பறவை.
இளம் குரல்.
எண்களை மட்டும் விடாமல் பிடித்திருந்தது,
வளைவில் திரும்பும் பேருந்தில் கம்பியைப் பிடிப்பதுபோல.

என் அலைவரிசையிலேயே இருக்கச் சொன்னேன்.
மற்றவர்களைக் கடலுக்கு மேல் சுற்றவிட்டேன்.
பக்கத்தில் ஹஸ்லிண்டா தீயணைப்பு வண்டிகளை எழுப்பினாள்.
பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்:
எத்தனை உயிர்கள்?

இரவெல்லாம் உயரம், வேகம், திசை.
இந்த ஒரு கேள்வியில்தான்
உள்ளே ஆள் இருப்பது பேச்சில் வருகிறது.
டூ வன் ட்ரீ, என்றான்.
பள்ளியில் படித்த உயிர் பன்னிரண்டு.
இருநூற்றுப் பதின்மூன்றைச் சீட்டில் எழுதினேன்,
கடைசியில் ஒரு மரம்.

இறங்கினான்.
இருபுறமும் நீர் விசிற இறங்கினான்.
ஓடுபாதையை விட்டு விலகி நின்றபின்
பொத்தானை அழுத்தினான். பேசவில்லை.
நான்கு நொடி இருக்கும், மூச்சு மட்டும்.
கேட்டுக்கொண்டிருந்த ஆறு விமானங்களில்
ஒன்றும் குறுக்கிடவில்லை.
கையேட்டில் இதற்கு வாசகம் கிடையாது.
ரோஜர், என்றேன்.

விடிந்து, பிடோக் காப்பிக்கடை.
கோப்பி-ஓ கோசோங், பொட்டலம், என்கிறேன்.
கல்லாவில் இருப்பவர் உள்ளே பார்த்துக் கத்துகிறார்.
நீராவிக்குள்ளிருந்து அதே சொற்கள்
அதே வரிசையில் திரும்பி வருகின்றன.
பிழையில்லை.
இன்னொன்று, என்றேன். கோப்பி-சி, சீனி குறைவு.
அது அவனுக்கு.

மின்தூக்கியில்
அஃபர்முக்குத் தமிழ் தேடினேன்.
சரி? அது ரோஜர்தான்.
பார்க்கலாம்? அது ஸ்டாண்ட்-பை.
ம்?
அதற்கு எந்தக் கோபுரமும் அனுமதி தராது.

எட்டாம் மாடிவரை கிடைக்கவில்லை.
பன்னிரண்டில் கதவு திறந்தது.
பைக்குள் இரண்டும் இன்னும் சூடாக இருந்தன.