ங என்றொரு இழுப்பறை

மார்சேயிலிருந்து கப்பலில் வந்ததாம்.
மதலேன் அம்மாள் மூன்று முறை சொன்னார்,
மீன் வண்டியில் அலமாரியைக் கிடத்தி
சூஃப்ரேன் வீதியிலிருந்து நெல்லித்தோப்புவரை
கூடவே நடந்து வந்த மூச்சிரைப்போடு.
"மூன்றாவது இழுப்பறை சிக்குது, கஸ்பார்.
கொஞ்சம் சீவிக் கொடு.
பாரீஸ்காரர் ஒருத்தர் விலை கேட்கிறார்."

வயிறு பிதுங்கிய முகப்பு. மான் குளம்பில் முடியும் கால்கள்.
லூயி ராசா காலத்துப் பாணி என்பார்கள்
வாய்க்காலுக்கு அந்தப்புறம்.
பின்பக்கம் திருப்பி, உளியால் ஓரம் கீறினேன்.
உள்ளே மஞ்சள். பலா.
மார்சேயில் பலா காய்க்காது.
வாயைத் திறக்கவில்லை;
கூலி இன்னும் பேசவில்லை.

இழுப்பறைகளை உருவிக் கவிழ்த்தேன்.
ஒன்றன் அடியில் உளிமுனை கொத்திய உ.
பிள்ளையார் சுழி, சரி.
இன்னொன்றில் க. கந்தனோ கதிர்வேலோ, செய்தவன் பெயர்.
சிக்குகிறதில் ச. தம்பியாக இருக்கலாம்.
கடைசியில் ங.
ங-வில் தொடங்கி
எந்த ஊரில் எவன் பேர் வைத்தான்?

அங்கேதான் பொறி தட்டியது.
கூட்டுக்குள் டார்ச் அடித்தேன்.
மேலிருந்து கீழே, ஒட்டடைக்கு அடியில்,
௧
௨
௩
௪

எந்த வெள்ளையடிப்பின்போதோ
மூன்றும் நாலும் இடம் மாறியிருக்கின்றன.
அப்புறம் வந்தவனெல்லாம்
நாலைச் சீவியிருக்கிறான். ஒவ்வொரு மழைக்கும் ஒரு சீவல்.
மேலே உப்புத்தாள் தேய்ப்பு. அதற்கடியில்
நடுவில் பல் போன அலகின் தடம்,
சீவிய நீளமெல்லாம் ஒரே கீற்று.

அந்த அலகு என்னுடையது.
இருபது வருஷமிருக்கும். இழுப்பறையை மட்டும்
யாரோ பையனிடம் கொடுத்தனுப்பினார்கள்.
நான் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

மாற்றிச் செருகினேன்.
மூன்று, எண்ணெய் விட்டாற்போல் ஓடியது.
நாலு தன் வீட்டிலேயே கடகடத்தது.
சீவியது அத்தனையும் அங்கே சந்தாக நின்றது.

இருபுறமும் தேக்குச் சிம்பு ஒட்ட வேண்டும்,
தபால் அட்டை கனத்தில்.
பிரெஞ்சுக்காரன் பட்டறையை மூடியபோது ஏலத்தில் எடுத்த
வேலை மேசை இருக்கிறது: இடுப்புயரம், மரத் திருகு, இடுக்கி.
கதவுப் பலகைக்கு அதுதான் ராசா.
சிம்பை நசுக்கிவிடும்.
அதன்மேல் பசைக் குண்டானையும் சோற்றுத் தூக்கையும் வைத்துவிட்டுத்
தரையில் உட்கார்ந்தேன்.
பெருவிரலும் அடுத்த விரலும் நுனியைக் கவ்வ
இழைப்புளியை ஓட்டினேன்.
எங்கே நிறுத்துவதென்று
கால்தான் சொன்னது.

சாயங்காலம் மதலேன் அம்மாள் மூன்றை மூடினார்.
நாலு தானாக அரை விரல் வெளியே வந்தது.
"மரியே!"
"பேயில்லை, காத்து. போக வழியில்லாமல்
பக்கத்து வீட்டைத் தள்ளுது. அவ்வளவு பொருத்தம்."
"பாரீஸ் வேலைன்னா சும்மாவா!"

பலாவைச் சொன்னேன். எண்களைக் காட்டினேன்.
அலகையும் சொல்லித் தொலைத்தேன்.

வெகுநேரம் பேச்சில்லை.
நாலை மூடினார், மூன்று எட்டிப் பார்த்தது.
மூன்றை மூடினார், நாலு.
குழந்தை மாதிரி ஐந்தாறு தடவை.
பாரீஸ்காரரைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

"கூலி?"
"சீவலுக்கு அப்பவே வாங்கிட்டேன்.
பசைக்கு மட்டும் குடுங்க."