எழுவாய் இல்லாத கடிதம்

பாடாங் செராய் கடைவரிசையில்
நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் என் நாற்காலி.
ஒரு பக்கம் இருபது காசு.
கடிதம் வாசித்துச் சொன்னால் காசில்லை.

செம்பனைப் பழம் பொறுக்கிய கையோடு
பூங்காவனம் அக்கா நீட்டினார்.
தோட்ட நிர்வாகத்தின் ஆங்கிலம், தமிழில் சொன்னேன்:
லயத்துக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டுள்ளது.
வீடுகள் காலி செய்யப்பட வேண்டும்.
முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

"யாரு நிறுத்துனா?"
அது இதில் இல்லை.
"யாரு முடிவெடுத்தா?"
தாளைத் திருப்பினேன், பின்பக்கம் வெள்ளை.
கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பொடி எழுத்து:
கணினியால் அச்சிடப்பட்டது, கையொப்பம் தேவையில்லை.
கடிதம் முழுக்க
அந்த ஒரே ஒரு 'ஆல்'.

"இது செயப்பாட்டுவினை, அக்கா."
"செய்வினையா? அப்பவே நெனச்சேன்.
எலுமிச்சம்பழம் வாங்கணுமா?"
சிரித்தது நான் மட்டும்.
"செய்வினைன்னா
வச்சவன் ஒருத்தன் இருப்பான்ல?"
இருப்பான் அக்கா.
அதனால்தான் இது செய்வினை இல்லை.

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
பதில் எழுதச் சொன்னார்.
நேற்றிரவு ஸ்பேனரோடு போய்
வால்வைத் திறந்தது அவர்தான்;
முழங்கை வரை துரு இன்னும் போகவில்லை.
'நான்' என்று தொடங்கினேன்.
"அத அழி. அவுங்க மாதிரியே போடு."

தட்டினேன்:
தண்ணீர் திறக்கப்பட்டுள்ளது.
குடங்கள் நிரப்பப்பட்டன.
வீடுகள் காலி செய்யப்படவில்லை.

"கையெழுத்து, அக்கா?"
"எனக்கு எதுக்கு? அந்தப் பொடி எழுத்தப் போடு."

காசு வேண்டாம் என்றேன்.
கேட்கவில்லை.
மேசையில் இருபது காசு வைக்கப்பட்டது,
ஈரத்தோடு.