ஒப்பந்த்தம்

நாயிஃப் சாலை டைப்பிங் சென்டரில்
விசாத் தாள்களுக்கு நடுவே
அந்த அம்மாள் ஒரு நகலை வைத்தார்.
அவை நடவடிக்கைக் குறிப்பு, பக்கம் அறுபத்திரண்டு.
உறுப்பினர் வேதாசலம் கேட்ட கேள்வி:
ஆளனுப்பும் முகவர்களின் கட்டண வரம்பைத்
தளர்த்த அரசு முன்வருமா?

"எழுத்தைப் பாருங்க" என்றார்.
ஒப்பந்த்தம்.
மூன்று இடத்திலும் ஒப்பந்த்தம்.

என் விசைப்பலகையில் த ஒட்டிக்கொள்ளும்.
போன ரமலானில் சுலைமானி கொட்டியது.
முதலாளி மாற்றித் தரவில்லை.

அட்டையில் செங்கமலம் என்று பெயர்.
மிரட்டவில்லை.
ஏசிக்கு நேரே நின்று
கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
யார் கொண்டுவந்தது, யார் பணம் கொடுத்தது,
ரசீது இருக்கா.

இருந்தது.
இரண்டு பக்கம், முப்பது திர்ஹம்,
ஆளனுப்பும் கம்பெனியின் பெயரில்.
அன்று உறுப்பினர் எதிர் ஹோட்டலில்
பொரித்த ஷேரி மீனுக்குக் காத்திருந்தார்,
கண்ணாடி வழியே தெரிந்தது.
"அவருக்கு எவ்வளவுங்க?"
"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

ரசீதின் அடிக்கட்டையைக் கிழித்துக் கொடுத்தேன்.
அவர் போனபின்தான்
கேள்வியை முழுதாய்ப் படித்தேன்.
அடிக்கும்போது யார் படிக்கிறார்கள்?
விரல்தான் படிக்கும்.

வரம்பு தளர்ந்து எட்டு மாதம்.
முகவருக்கு ஒன்றே முக்கால் லட்சம் கட்டி
போன வாரம்தான் வந்திறங்கினான்
என் மச்சான் சிராஜுதீன்.
இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
முழங்காலில் பாஸ்போர்ட்டை வைத்து உட்கார்ந்திருந்தான்.
அவன் தாளையும் நான்தான் அடித்தேன்.

பக்கத்துக்குப் பதினைந்து.
நீட்டினான்.
வாங்கிக்கொள்ளவில்லை.