வெள்ளிக்கிழமைச் சுவர்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச்
சுவரை இடித்துவிடுவார்கள்.
சுண்ணாம்புக் கலவைதான், சிமெண்ட் கிடையாது;
தட்டினால் செங்கல் செங்கலாக வந்துவிடும்.
திங்கட்கிழமை வேறு யார் கையிலோ
வேறொரு சுவர்.

மாரெட் ப்ரோபர்ட் என் அறைக்கு வந்தது
அதைப் பற்றிப் பேச அல்ல.
பஸ் பாஸ் தீர்ந்திருந்தது.
படிவம் நீட்டினேன்: வீட்டு வருமானம், பெற்றோர் கையெழுத்து.
அம்மாவின் கையெழுத்தை அவளே போட்டாள்,
என் கண்ணெதிரே, கொஞ்சமும் கூசாமல்.
நான் மெர்த்தர் மலைமேல்
மழை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவளைச் சும்மா அனுப்ப முடியுமா,
எனக்கும் நிரப்ப ஒரு கட்டம் இருக்கிறது:
'ஐந்து ஆண்டுகளில் எங்கே இருப்பீர்கள்?'
பதில் சொல்லாமல் போனை நீட்டினாள்.
ஒன்பது சுவர்களின் படம்.
பதினான்கு பையன்களுக்கு நடுவே ஒருத்தியாகக் கட்டியவை.
ஒன்பதும் தூக்குநூல் போல நேர்.
ஒன்பதும் இப்போது இல்லை.
நகத்தில் காய்ந்த கலவையைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்:
"இடிக்காத சுவர் எப்போ தருவீங்க?"

கார்டிஃபில் ஒரு கம்பெனி, பயிற்சிச் சம்பளம்,
காலை ஆறேகாலுக்கு வேன்.
எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
"சைட்ல லேடீஸ் டாய்லெட் இருக்கா?"

பதினோரு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன்.
இதை யாரிடமும் கேட்க எனக்குத் தோன்றியதில்லை.
தொலைபேசியை எடுத்தேன்.

காத்திருக்கச் சொல்லும் இசை ஓட ஓட
மேசையிலிருந்த பிஸ்கட்டுகளை அவள்
மூட்டுக்கு மேல் மூட்டு விழாமல்
அடுக்கத் தொடங்கியிருந்தாள்.
மூன்றாம் வரிசையில்
யாரோ "ஹலோ" என்றார்கள்.