பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையில்

டொக்டர் எழுதித் தந்த துண்டில்
மருந்துகளுக்குக் கீழே ஒரு வரி:
நாளுக்கு நாற்பது நிமிடம் நடை.
அதனால்தான் வருகிறேன்,
வேறு காரணம் இல்லை என்று
ஜெசிந்தாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கொழும்புத் துறைமுகத்துக்குச்
சாமான் கோச்சி போன பாதை.
இப்போது சிவப்புக் கல் பதித்து
இரண்டு பக்கமும் புல் விரித்து
நம்பர் போட்ட விளக்குக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள்.
வாசலில் மும்மொழிப் பலகை.
தமிழில் மட்டும்
‘துவிச்சர்க்கரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை.’
“சீனிக்காரி போகலாமாம்,
சர்க்கரை வண்டி போகக்கூடாதாம்!”
முதல் நாள் ஜெசிந்தா சிரித்தாள்.
இரண்டாம் நாள் நான்.
மூன்றாம் நாள் அது வெறும் பலகை.

கோச்சிக்குச் சட்டென்று திரும்பத் தெரியாது.
ஒரு வளைவுக்கு
வெகு தூரத்திலிருந்தே
மெல்ல மெல்லச் சம்மதிக்க வேண்டும்.
தண்டவாளத்தைப் பிடுங்கிய பிறகும்
பாதை அதையே செய்கிறது.
எங்கள் கால்களும்
பாரம் ஏற்றிய பெட்டிகள் மாதிரி
ஒன்றன்பின் ஒன்றாய்ச் சாய்ந்து
கிராண்ட்பாஸ் பக்கம் திரும்புகின்றன.

வீடுகள் எல்லாம் முதுகைக் காட்டி நிற்கின்றன.
யார்தான் கோச்சிக்கு முகம் வைத்துக் கட்டுவார்கள்?
குசினிச் சுவரில் ஏறிய கரி,
கொடியில் கிழிந்த உள்சட்டை,
குளியலறை ஜன்னலில் வெட்டிய ஷாம்பு பக்கெற்,
இவ்வளவு காலம் இஞ்சின் சாரதி மட்டும் பார்த்தவை.
இன்று வேர்த்து நடக்கிற எல்லோருக்கும்.
ரிஸானா கெட்டிக்காரி.
பின்சுவரை இடித்துக் கதவு வைத்தாள்.
இலைக்கஞ்சி, கொத்தமல்லித் தண்ணி,
கேட்டால் மட்டும் சீனி போட்ட பிளேன்ரீ.
அவள் வீட்டுக்கு முன்பக்கம் எது என்று
தபால்காரருக்கே இப்போது குழப்பம்.

பன்னிரண்டாம் கம்பத்தருகே
கேட் இருந்தது.
இன்றும் இந்தத் தெருக்காரர்கள்
அங்கே அரை நொடி நின்று
இடமும் வலமும் பார்த்துவிட்டே கடக்கிறார்கள்.
புதிதாக வந்தவர்கள் நிற்பதில்லை.

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையில்
என் கால் பிந்தும்.
ஜெசிந்தா திரும்பிப் பார்க்காமல் நடப்பவள்.
கையை வீசி, காற்றோடு சண்டை பிடிப்பதுபோல்
வளைவு தாண்டிப் போய்விடுவாள்.

குசினி இங்கேதான்.
நாலு எட்டு நீளம்.
பலகைச் சுவர், தகரக் கூரை,
பழைய சிலிப்பர் கட்டையே வாசற்படி.
கோச்சி வருவதை
ரசச் சட்டிதான் முதலில் சொல்லும்,
நடுவிலிருந்து வட்டம் வட்டமாய்.
மகன் பிறந்த மூன்றாம் நாள்
இருபத்தெட்டு எண்ணெய்ப் பெட்டிகள்
தலைமாட்டால் கடந்தன.
எண்ணியது நான். அவன் அசையவில்லை.
பத்தாம் மாதம் ஒரு கடிதம், ஒரு சாவி,
அரை நாளுக்கு ஒரு லொறி.
ஒன்பதாம் மாடியின் முதல் ராத்திரி
அந்த அமைதிக்குப் பயந்து
விடியும்வரை வீறிட்டான்.

குறை சொல்லவில்லை.
மாடியில் தண்ணீர் வருகிறது.
லிஃப்டும் சில நாள் வருகிறது.

இன்று என்னவோ
புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.
துறைமுகப் பக்கமிருந்து உப்புக் காற்று,
ஏதோ கப்பல் ஒரு தரம் முனகியது.
உடனே விசில். காவல்கார பந்துல,
பலகையை விரலால் காட்டிக்கொண்டு வந்தார்.
“எங்கள் குசினி இது,” என்றேன்
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.
என்னைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார்.
பிறகு தூரத்தில் சைக்கிள் உருட்டிய பொடியனுக்கு
இன்னும் பலமாய் ஊதிக்கொண்டு போனார்.

வளைவுக்கு அப்பால் ஜெசிந்தா
கைக் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு நின்றாள்.
“உனக்கு நாலு நிமிடம் குறையுது.”
சரி என்றேன்.
பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டாமல்
ரிஸானாவின் கதவு வரைக்கும்
கூட நடந்தேன்.