மடிப்பில் வைத்து வெட்டவும்

பழைய தையல் பத்திரிகை,
ஞாயிற்றுச் சந்தையில் இரண்டு ஸ்வோட்டி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில்
இந்த ஊரில் யாருக்குமே பசிக்காதது போல
அட்டையில் இடுப்பில் கைவைத்துச் சிரிக்கிறாள் ஒருத்தி.

நடுவில் மடித்திருந்த தாளுக்கு மேசை போதவில்லை.
தரையில் விரித்தேன்.
ஒன்பது உடைகளின் கோடுகள்
ஒன்றன்மேல் ஒன்றாய், கறுப்பும் சிவப்புமாய்,
புள்ளி வைத்தும் இடைவெளி விட்டும்.
பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும்.
நான் பதினாறு வருடமாய்
வூட்ச் நகரத்தில் டிராம் ஓட்டுகிறவள்.
எந்தத் தண்டவாளம் எங்கே பிரியும் என்று
சக்கரத்துக்கு முன்பே எனக்குத் தெரியும்.
முள்சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனேன்,
கைக்குழியின் வளைவில் மெதுவாக,
தோள் முனையில் நிறுத்தி,
பக்கத் தையலில் ஒரே ஓட்டம்.
அடித்தாளில் பொட்டுப் பொட்டாய்
ஒரு கவுனின் பாதி இறங்கியது.

பாதிதான்.
முன்னுக்குப் பாதி, முதுகுக்குப் பாதி.
ஓரத்தில் சின்ன எழுத்தில்:
மடிப்பில் வைத்து வெட்டவும்.

இந்தப் பக்கம் எப்படியோ
அந்தப் பக்கமும் அப்படியே என்று
யாருக்கோ அவ்வளவு நம்பிக்கை.

என் முதுகெலும்பு பதிமூன்று வயதில்
தன் இஷ்டத்துக்கு ஒரு திருப்பத்தில் திரும்பியது.
இடது தோள் பள்ளம், வலது இடுப்பு மேடு.
கடையில் வாங்கிய சட்டை எதுவும்
அவசரத்தில் மாட்டிவிட்டுப் போன சுவர்ப்படம்போல
என்மேல் கோணலாய்த் தொங்கும்.

இடதுக்கு ஒரு தாள், வலதுக்கு ஒரு தாள்
என்று உட்கார்ந்தேன்.
மார்பு, இடை, கைநீளம் எல்லாம்
கண்ணாடி முன் நானே எடுத்தேன்.
முதுகுதான் சிக்கல்.
இஞ்ச் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தால்
மறுமுனை நழுவுகிறது.
தன் முதுகைத் தானே அளந்தவர் யார் இருக்கிறார்கள்?

நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக்காரன்
துடைப்பக் கட்டையால் என் தரையை இடித்தான்.
ஜெமோவித். ரொட்டிக்கடையில் இரவு வேலை.
அவன் பகலெல்லாம் தூக்கம்,
என் பகலெல்லாம் மெஷின்.
இரண்டு வருடமாய் எங்கள் பேச்சுவார்த்தை
அந்தக் கட்டை வழியாகத்தான்.

டேப்போடு படியிறங்கிக் கதவைத் தட்டினேன்.
தூக்கம் ஒட்டிய கண்ணோடு
சண்டைக்குத் தயாராய்த் திறந்தான்.
திரும்பி நின்றேன்.
"இதைக் கொஞ்சம் பிடியுங்கள்."

பிடரி எலும்பிலிருந்து இடது தோள் முனை:
"பதினெட்டு சென்டிமீட்டர்."
வலது:
"பத்தொன்பதரை."
மாவு நிறுப்பவன் அல்லவா, மனசு கேட்கவில்லை,
மறுபடி அளந்தான். அதேதான்.
"இதில் எது சரி?"
"ரெண்டையும் எழுதுங்கள்" என்றேன்.
ரொட்டி உறையின் பின்புறம் எழுதிக் கொடுத்தான்.

காடாத்துணியில் தைத்த ஒத்திகை தோற்றது.
கைக்குழி பிடித்தது;
டிராமின் நெம்புகோல் வரைக்கும் கை நீளவில்லை.
அட்டைப்படத்துக்காரி
எதையும் ஓட்டியிருக்க மாட்டாள்.
அக்குளில் சாய்சதுரமாய் ஒரு ஒட்டு வைத்தேன்.
வலது டார்ட் நீளம், இடது டார்ட் குட்டை.
பட்டன் வரிசையாவது நேராய் விழவேண்டும் என்று
மூன்று தடவை பிரித்தேன்.
நாலாவது தடவை விட்டுவிட்டேன்.
பாசிப்பச்சைக் கம்பளித்துணியில்
லேசாய் வலம் சாய்ந்து இறங்குகிறது,
டிப்போவுக்குள் திரும்பும் தண்டவாளம் மாதிரி.

மெஷினுக்கு அடியில் இப்போது இரண்டு மடங்கு கம்பளம்.
ஆனாலும் இடிக்கிறான், முன்னைவிடக் குறைவாக.

தாள்களைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.
டோப்ரவா, முன், இடது.
டோப்ரவா, முன், வலது.
உள்ளே அந்த உறை. விரிக்கும்போதெல்லாம்
கம்பு மாவு வாசனை.

அடுத்தது கோட்டு.
அந்தக் காலத்துக் கோட்டுக்குத்
தோளில் பஞ்சுத் திண்டு உண்டு.
இடதில் மட்டும் இரட்டையாய் வைத்தால்
யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.
பஞ்சு வாங்கிவிட்டேன்.
இன்னும் பையைப் பிரிக்கவில்லை.